பச்சைக் கோன் பிக்கும் ஜெயராணியின் இரண்டு விரலும்

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். ஆடிக் காற்று பந்தல் துணியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் மேடைக்குக் கீழே, முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், வலது கைக் கட்டைவிரலில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரியை இருபத்தைந்து வருஷத்தில் நான் கீழேயிருந்து பார்த்தது அன்றுதான். மேலே, டிரம்ஸுக்கு இடது பக்கம், நான் நிற்கிற இடத்தில், என்னுடைய கறுப்பு பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஜெயராணி நின்றாள். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் வேலை பார்க்கிறவள். முப்பது வயதிருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கிட்டார் வாரை இரண்டு ஓட்டை ஏற்றிப் போட்டிருந்தாள். அது ஒன்றே எனக்குச் சுருக்கென்றது.

விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் தட்டில் இலைத் துண்டுகளில் வைத்த பால்கோவா கொண்டுவந்தார். கச்சேரி தொடங்குமுன் ஆர்ட்டிஸ்டுகளுக்கு வாய் இனிக்கக் கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். சூடு முழுக்க ஆறாதது. இலை முழுக்க நெய் மினுங்கியது. கீபோர்டு, டிரம்ஸ், பாடகர்கள் எல்லாரும் ஆளுக்கு ஓர் இலையை எடுத்துக்கொண்டார்கள். ஜெயராணி மட்டும் தலையாட்டினாள்.

"எங்க ஊருக்கு வந்துட்டு பால்கோவா வேண்டாம்னு சொல்லலாமாம்மா?"

"வேண்டாம்னு சொல்லலண்ணே. இலையோட மடிச்சு அந்தப் பெட்டி மேல வச்சிருங்க. முடிச்சிட்டுத் திங்கேன். வெரல்ல நெய் பட்டா கம்பி வழுக்கும்."

நான் இருபத்தைந்து வருஷம் இதே தெருவில் பால்கோவா தின்ற கையைக் கைலியில் துடைத்துவிட்டு மேடையேறியவன். பிளாஸ்டிக் பிக் பிடித்துக் கம்பியைத் தட்டுகிறவனுக்கு நெய் ஒரு பொருட்டா? அன்றைக்குத்தான் முதல்முறையாக, நான் வாசிப்பதும் இவள் வாசிப்பதும் ஒரே வாத்தியம்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நாலு கம்பி

போன வாரம் இந்தப் பத்தியில், கோர்ட் நகல் பிரிவில் கரையானோடு நான் நடத்திய யுத்தத்தை எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், "அன்று கச்சேரி இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்" என்று ஒரு வரி வந்துவிட்டது. எழுத்தருக்கு என்ன கச்சேரி, மறைக்காமல் சொல்லுங்கள் என்று ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். மறைக்கத்தான் நினைத்தேன், ஐயா. அதில் என் மானம் போன கதை ஒன்று இருக்கிறது.

எனக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூர். வீடு ராஜபாளையம். காலையில் பஸ், மாலையில் பஸ். நடுவில் பத்து விரலாலும் டைப் அடிப்பேன். முகூர்த்த நாட்களிலும் கோயில் கொடை விழா நாட்களிலும் கச்சேரிக்குப் போவேன்.

பேஸ் கிட்டார் என் கைக்கு வந்தது என் திறமையால் அல்ல. குழுவில் அதை வாசித்துக்கொண்டிருந்த சேத்தூர்க்காரருக்குப் போலீஸில் செலக்‌ஷன் வந்துவிட்டது. ஊரில் அவர் வயதுப் பையன்கள் பாதிப் பேர் பட்டாளத்துக்கோ போலீஸுக்கோ போகிறவர்கள். அவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு டிரெய்னிங்குக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் கல்யாணக் கச்சேரி. கீபோர்டு வாசிக்கிற கிட்டு அண்ணன்தான் குழுவை நடத்துகிறவர். அதுவரை டோலக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டிக்கொண்டிருந்த என் கழுத்தில் அதைத் தூக்கி மாட்டினார்.

"நாலே கம்பிதான்லே செல்வம். ஆறு கம்பிய விட லேசு."

இதைவிடப் பெரிய பொய்யை அவர் என்னிடம் சொன்னதில்லை.

பேஸ் என்பது வீட்டில் ஓடுகிற மின்விசிறி மாதிரி. ஓடும்போது யாருக்கும் தெரியாது. நின்றால்தான் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். பாட்டைக் கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அப்படி ஒருவன் மேடையில் நிற்பதே தெரியாது. என் மாமனார் பத்து வருஷமாக என்னைக் கிட்டார்காரன் என்று சொல்லிக்கொண்டு, பாட்டில் முன்னால் வருகிற கிட்டாரைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதை வாசித்தது வேறு ஆள்.

இந்தக் கம்பிகளை இரண்டு விதமாக மீட்டலாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிக் என்கிற சின்னப் பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்துக்கொண்டு தட்டலாம். அல்லது சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி, ஆள் நடப்பதுபோல் கம்பிமேல் நடக்கவிடலாம். பிக்கில் 'டக்' என்று ஓர் ஓரம் இருக்கும். விரலில் 'தூம்' என்று ஒரு வயிறு இருக்கும். உலகம் முழுக்க இதற்கு இரண்டு கட்சி உண்டு. ராஜபாளையத்தில் பிக் கட்சிக்கு நான்தான் தலைவர், செயலாளர், பொருளாளர்.

பிக் வாங்க மதுரைக்குப் போக வேண்டும். போய் வாங்கினாலும் ஒரு கச்சேரியில் தொலைந்துவிடும். அதனால் நானே வெட்டிக்கொள்வேன். மில்லில் நூல் சுற்றுகிற பிளாஸ்டிக் கோன் உடைந்தால் பழைய இரும்புக் கடைக்கு வரும். அதில் பச்சைக் கோன்தான் சரியான கனம். கத்தரியால் வெட்டி, சிமெண்டுத் தரையில் தேய்த்து முனையை உருட்டினால் ஒரு பிக் மூன்று மாதம் உழைக்கும். சட்டைப் பையில் பேனாவோடு எப்போதும் ஒன்று கிடக்கும்.

வீட்டுக்காரி மல்லிகா அதைத் துவைக்கிற கல்லில் கண்டெடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள். "ஆபீஸ்ல பத்து வெரலும் ஓடுது. மேடைக்குப் போனா மட்டும் இந்தத் துண்டு எதுக்குங்க?"

குழாய் சொல்லிக்கொடுத்தது

மல்லிகாவுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. குழாய்.

நான் வாசிக்க வந்த காலத்தில் எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் புளியமரத்திலும் லைட் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். அதற்குத் தொண்டைதான் உண்டு, வயிறு கிடையாது. விரலால் அழகாக 'தூம்' என்று வாசித்தால் அந்தச் சத்தம் குழாய்க்குள் போய் அங்கேயே செத்துப்போகும். பிக்கால் அடித்தால் 'டக்' மட்டுமாவது வெளியே வரும். அந்த டக்கை வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறவன் ஆடுவான்.

ஆக, என் பிக் ஒரு நியாயத்தோடுதான் பிறந்தது. நான் செய்த தப்பு, ஸ்பீக்கர் மாறிய பிறகும் மாறாமல் இருந்தது. ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. நெஞ்சுக்கூடு அதிர்கிற அளவுக்கு வயிறு உள்ளவை. மிக்ஸரில் இருக்கிற தம்பி ஒருமுறை தயங்கித் தயங்கி, "அண்ணே, ஸ்லோ பாட்டுல உங்க சத்தம் ஜட்கா வண்டி ஓடுத மாதிரி இருக்குண்ணே" என்றான். "உன் மிக்ஸர் சரியில்லலே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ரிகர்சல் மாடி

ஜெயராணியை நான் முதலில் பார்த்தது இந்தக் கச்சேரிக்கு ஏழெட்டு வருஷம் முன்னால்.

எங்கள் ரிகர்சல் நடப்பது ஓர் உரக்கடையின் மாடியில். யூரியா வாடையும் பழைய மூட்டை வாடையும் கலந்து அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்தாள். சர்ச்சில் பேஸ் வாசிப்பதாகச் சொன்னாள். பாட்டுக் குழுவிலும் வாசிக்க ஆசை, இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றாள். மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் வேலை. சுற்றுகிற நூல் அறுந்தால் அந்த நுனியைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஓடவிட வேண்டும். கண்ணால் தேடினால் அகப்படாது, விரலால் தடவினால் அகப்படும் என்று பேச்சுவாக்கில் சொன்னாள்.

கிட்டு அண்ணன் என் கிட்டாரை வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் இரண்டு விரலால் வாசித்தாள். நான் மறைக்கப்போவதில்லை. நன்றாக இருந்தது. பழைய ஃபேன் சத்தத்தை மீறி அறை நிறைந்தது. டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

கிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். "என்னலே சொல்லுத? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிக்கலாம்ல?"

இவள் உள்ளே வந்தால் மூன்றே மாதத்தில் நான் திரும்ப ஜால்ராவுக்குப் போக வேண்டியதுதான். "நல்லாத்தான் வாசிக்குது. ஆனா வெரலுக்குச் சத்தம் பத்தாதுண்ணே. வெளியில குழாய்ல கேக்காது. சர்ச்சுக்குள்ளேன்னா சரி" என்றேன். பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன். கிட்டு அண்ணனும் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஜெயராணி முகம் வாடியதா என்று நான் பார்க்கவில்லை. "சரிண்ணே" என்று கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தாள். கதவுவரை போனவள் நின்றாள்.

"அண்ணே, மூணாவது கம்பி சுருதி கொஞ்சம் எறங்கியிருக்கு."

அவள் படியிறங்கிப் போன பிறகு பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. எத்தனை நாளாக அப்படி வாசித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. எனக்கு நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கட்டைவிரலின் வேலைநிறுத்தம்

இனி துணிக்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாதம் முதலே என் வலது கட்டைவிரல் மடக்கினால் நிமிர மறுத்தது. இடது கையால் இழுத்துவிட்டால் 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு நிமிரும். ஆபீஸில் இந்த வித்தையைக் காட்டி நாலு பேரைச் சிரிக்கவைத்தேன். பிறகு வலி வந்தது. டாக்டர் ஊசி போட்டுப் பார்த்து, அப்புறம் சின்னதாகக் கீறிவிட்டு, ஆறு வாரம் எதையும் கிள்ளிப் பிடிக்கக் கூடாது என்றார். பேனா, சாவி, பிக் எதுவும் கூடாது. விரலில் சுற்றிய துணி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிக்குப் பேர்போன எங்கள் பக்கத்துத் தறியில் நெய்ததாகத்தான் இருக்கும். சொந்த ஊர்த் துணியாலேயே என் கையைக் கட்டிப்போட்டார்கள்.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருக் கச்சேரி எங்கள் குழுவுக்கு முக்கியமானது. வருஷம் முழுக்க வருகிற பாதி அழைப்புகள் அதைக் கேட்டுவிட்டு வருபவை. கிட்டு அண்ணன் வீடு தேடி வந்தார்.

"ஒனக்குப் பதிலா யார்லே? அந்த மில்லுக்காரப் பொண்ணு இருக்குல்ல. கேட்டுப் பாரேன். ஒங்க வீட்டுப் பக்கந்தான குடியிருக்கு?"

"பாக்கேன்" என்றேன்.

பார்க்கவில்லை. அவள் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். அந்த வாரம் முழுக்க வேறு தெரு வழியாக நடந்தேன். ஐந்தாம் நாள் கிட்டு அண்ணனுக்குப் போன் செய்து, "அதுக்கு அன்னிக்கு ஷிப்டு இருக்காம்ணே. வர முடியாதாம்" என்றேன். நாக்கு கூசவில்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கிற ஒரு பையன் இருக்கிறான், அஞ்சு கம்பி கிட்டார் சொந்தமாக வைத்திருக்கிறான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

ஏன் அந்தப் பையனைச் சொன்னேன் என்றால், அவன் வாசிப்பதை ஒரு காலேஜ் விழாவில் கேட்டிருக்கிறேன். கட்டைவிரலால் கம்பியில் அடிப்பான், சுட்டுவிரலால் இழுத்துத் தெறிக்கவிடுவான். கெட்டிக்காரன்தான். ஆனால் பாட்டு ஒரு பக்கம் போகும், அவன் ஒரு பக்கம் போவான். அவன் வந்தால் என் இடம் எனக்குப் பத்திரமாக இருக்கும். அதுதான் என் கணக்கு.

ஸ்பீக்கர் போட்ட போன்

ஞாயிற்றுக்கிழமை உரக்கடை மாடியில் அந்தப் பையனோடு ரிகர்சல். நானும் போய் மூலையில் உட்கார்ந்தேன். தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு. அதில் அவன் தெறித்த தெறிப்பில் பாடுகிற பெண் இரண்டு முறை வரியை விட்டுவிட்டாள். கிட்டு அண்ணன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பொறுமை போனால் தெலுங்குதான் முதலில் வரும். "ஒத்து, ஒத்து" என்று கையைத் தூக்கிவிட்டார். வேண்டாம், நிறுத்து என்று அர்த்தம். பையனை நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தார்.

பிறகு போனை எடுத்தார். சர்ச் பாஸ்டரிடம் நம்பர் வாங்கி, எங்கள் எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டு ஜெயராணியைக் கூப்பிட்டார். நான் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் கச்சேரி அன்னிக்கு ஷிப்டு இருக்குன்னு செல்வத்துட்ட சொன்னியாமே? செத்த மாத்திக்கிட முடியாதா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. அந்த இரண்டு மூன்று வினாடியில் நான் என் மானம், மரியாதை, இருபத்தைந்து வருஷம் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டேன். அவளிடம் நான் கேட்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஆமாண்ணே. ஷிப்டு இருந்துச்சு" என்றாள் ஜெயராணி. "மாத்திக்கிடுதேன். பாட்டு லிஸ்டை மட்டும் அனுப்பி விடுங்க. கிட்டாருக்கு என்ன செய்ய? சர்ச்சுக் கிட்டார வெளிய கொண்டுபோக விடமாட்டாக."

"செல்வம் கிட்டாரு இருக்கே."

"அவிய குடுப்பாகளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் கேட்காது என்று டிரம்ஸ்காரன் சொன்ன பிறகு, "குடுக்கேன்மா" என்றேன்.

தெருமுனையில்

இப்போது அந்த ஐந்தரை மணிக்குத் திரும்பி வருகிறேன்.

கச்சேரி தொடங்கியது. முதல் இரண்டு பாட்டு வழக்கமானவை. மூன்றாவதாக அந்தத் தாலாட்டுப் பாட்டு. நான் அதை நூறு தடவையாவது வாசித்திருப்பேன். அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

அவளுடைய இரண்டு விரலும் கம்பியை அடிக்கவே இல்லை, கம்பிமேல் சாய்ந்து எழுந்தன. பாடுகிறவள் மூச்சு எடுக்கிற இடம் ஒவ்வொன்றிலும் ஜெயராணி விரலின் சதையால் கம்பியைத் தொட்டு நாதத்தை அணைத்தாள். அந்த இடத்தில் பாட்டும் சேர்ந்து மூச்சு எடுத்தது. நான் அந்த இடங்களில் எல்லாம் இருபத்தைந்து வருஷமாக டக், டக் என்று நிரப்பிக்கொண்டிருந்தவன். என் கிட்டாருக்குள் இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதை நான் கீழே உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்குப் பொறாமைதான் வரும் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் விரல் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆறாவது பாட்டு முடிந்ததும் மிமிக்ரிக்காரர் மைக்கைப் பிடித்தார். அரைமணி நேரம் அவர் பாடு. நான் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனேன். மேடைக்கு முன்னால் பெட்டி ஸ்பீக்கர். ஆனால் இடம் பத்தாமல் அடுத்த தெரு வரைக்கும் ஆள் நிற்பதால், முனையில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டியிருந்தார்கள். குழாய் கூடாது என்று போலீஸ் சொல்லிக்கொண்டிருந்தாலும் எல்லா ஆடியிலும் கட்டுவதுதான்.

டீக்கடைக்காரருக்கு என்னைத் தெரியும். "செல்வண்ணே, இன்னிக்கு நீங்க வாசிக்கலையா? நெனச்சேன். இங்க பேஸே வரல. பாட்டு எலும்பில்லாத மாதிரி தொங்குது. பயலுவ ஆட நிக்கானுவ, ஆட்டமே பிடிபடல" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் ஏழெட்டு வருஷம் முன்னால் சொன்ன சொல் பலித்துவிட்டது. விரலுக்குச் சத்தம் பத்தாது, குழாயில் கேட்காது. அந்த டீயை அவ்வளவு ருசித்துக் குடித்தேன். அடுத்தது முழுக்க ஆட்டப் பாட்டுகள். மேடைக்கு முன்னால் இருப்பதைவிட அதிகக் கூட்டம் முனையில் நிற்கிறது. நாளைக்கு ஊர் முழுக்க, பொம்பளப் பிள்ளை வாசித்தது எடுபடவில்லை என்று பேசும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த டீ சொல்லிவிட்டுச் சும்மா நின்றால் போதும்.

இரண்டாவது டீயின் பாதியில் அந்தக் குக்கர் விசில் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிற இடத்தில் அவளும்தான் நின்றாள். கிளாஸை வைத்துவிட்டு மேடைக்குப் பின்பக்கம் நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம்.

அவள் பெட்டிமேல் உட்கார்ந்து, விரல்களைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயராணி, தெரு முக்குல ஒன் சத்தம் சுத்தமா வரல. குழாய் கட்டியிருக்கான். அம்புட்டுக் கூட்டமும் அங்கதான் நிக்குது."

அவள் துண்டைக் கீழே வைத்தாள். "பிக் வச்சிருக்கீகளாண்ணே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சாயங்காலத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"இது எங்க கோனுல்லா. பச்சை. எம்பதாம் நம்பர் நூலு சுத்துதது."

"நீ பிக்குல வாசிப்பியா?"

"சர்ச்சு கன்வென்ஷன் கூட்டம்னா ரோட்டுல குழாய்தாண்ணே கட்டுவாக. அப்ப பிக்கு. சர்ச்சுக்குள்ளேன்னா வெரலு."

"அப்ப அன்னிக்கு மாடியில ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். நான் அன்றைக்கும் கேட்கவில்லை, மூன்று வாரம் முன்னாலும் கேட்கவில்லை. ஒரே மனுஷியிடம் இரண்டு முறை கேட்காமலே நானே பதில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஒரு மணி நேரம் ஜெயராணி என் பிக்கில் வாசித்தாள். நான் வாசிப்பதுபோல் வாசித்தாள் என்று எழுத ஆசைதான். என்னைவிட நன்றாக வாசித்தாள். டக் வேண்டிய இடத்தில் டக் இருந்தது. நடுவில் ஒரு மெதுவான பாட்டு வந்தபோது பிக்கை உதட்டில் கவ்விக்கொண்டு விரலுக்குத் திரும்பினாள். அது முடிந்ததும் மறுபடி பிக். முனையிலிருந்து விசில் சத்தம் மேடை வரைக்கும் வந்தது.

முடிந்த பிறகு அவள் முதலில் கையை நீட்டிப் பிரித்தது அந்தப் பால்கோவாவைத்தான். ஆறிப்போய் இறுகியிருந்தது. பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள்.

"ஷிப்டு இருக்குன்னு ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன். அவளிடம் நான் என் பொய்யைத் தொட்டுக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உங்க எடத்துலதானண்ணே நிக்கணும். உங்கள விட்டுக்குடுத்துட்டு அங்க எப்படி நிக்க?" என்றாள். அதோடு விரலைச் சப்பிக்கொண்டு கையைக் கழுவப் போய்விட்டாள்.

ஆறு வாரம் முடிந்ததும்

கட்டு அவிழ்த்த ஞாயிற்றுக்கிழமை உரக்கடை மாடிக்குப் போனேன். கட்டைவிரல் நன்றாக நிமிர்ந்தது, மடங்கியது. நான் உள்ளே நுழைந்ததும் ஜெயராணி எழுந்து, கிட்டாரைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வாரை என் உயரத்துக்குப் பழைய ஓட்டையிலேயே மாட்டி வைத்திருந்தாள்.

"அண்ணன் வந்துட்டாக" என்றாள் கிட்டு அண்ணனிடம்.

கிட்டாரை வாங்கிக்கொண்டேன். அதன் கனம் தோளுக்குப் பழகியது. இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பிக்கை எடுத்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். முக்கியமாக அவள் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கிட்டு அண்ணே, அன்னிக்கு இவளுக்கு ஷிப்டு இல்ல" என்றேன். "நான் இவகிட்டக் கேக்கவே இல்ல. எடம் போயிருமோன்னு பொய் சொன்னேன். மொத தடவ இவ வந்தப்ப வேண்டாம்னு சொன்னதும் அதுக்குத்தான்."

டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்தான். கிட்டு அண்ணன் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார். பத்திரிகையில் போட முடியாது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அப்ப இப்ப யார் வாசிக்கது?" என்று கேட்டார்.

"இவளே வாசிக்கட்டும். இவளுக்கு முடியாத நாளைக்கு நான் வாரேன்" என்று கிட்டாரை அவளிடம் நீட்டினேன்.

ஜெயராணி வாங்கவில்லை. நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. என் கையில் இருந்த கிட்டாரின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள்.

"மூணாவது கம்பி எறங்கியிருக்குண்ணே."

என் காதுக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஏழெட்டு வருஷம் முன்னாலும் அவள் சொல்லும்வரை சரியாகத்தான் இருந்தது. கட்டு அவிழ்ந்த கட்டைவிரலால் கம்பியை முறுக்கும் கீயைப் பிடித்து மெல்லத் திருப்பினேன்.

"போதுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்ணே."

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மறுபடி கேட்டேன். அவள் தலையசைத்த பிறகுதான் கையை எடுத்தேன்.